எலும்பில் ஒரு வெள்ளைத் திட்டு

அத்தியாயம் ஒன்பது

இருட்டறையில் வேலை பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாருக்கு எந்த எலும்பு முறிந்தது என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே அவனுக்குத் தெரிந்துவிடும். தம்பிராஜா பன்னிரண்டு வருடமாக அதில் கொஞ்சம் கர்வம்கூட வைத்திருந்தார். கர்வப்பட வேறு என்ன இருக்கிறது அந்த அறையில்? ஒரு சிவப்பு விளக்கு, மூன்று தொட்டி, மருந்துத் தண்ணீர் சூடேறாமல் இருக்கத் தினமும் வந்து இறங்கும் ஐஸ் கட்டி, அவ்வளவுதான்.

அந்த ஜூலை மாத வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, அந்தக் கர்வம் அவரை விட்டு ஒரேயடியாகப் போய்விட்டது.

தொட்டியிலிருந்து தூக்கிய எக்ஸ்ரே படம் சொட்டச் சொட்ட அவர் கையில் இருந்தது. அவருடைய மகளின் முழங்கால். தொடை எலும்பின் கீழ்முனையில், மூட்டுக்குச் சற்று மேலே, ஒழுங்கில்லாமல் பரவிய ஒரு வெள்ளைத் திட்டு.

படத்தைத் தண்ணீரில் அலசினார். மறுபடி தூக்கிப் பார்த்தார். மருந்துக் கறையாக இருந்தால் போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னொரு தரம் அலசினார். தண்ணீர்தான் தீர்ந்தது.

கமலவேணி விழுந்து அன்றோடு நான்கு நாள். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் திடலில் பயிற்சி ஆட்டம். அடுத்த மாதம் மெர்டேக்கா என்கிற சுதந்திரக் கொண்டாட்டத்தில், பாடாங் மைதானத்தில் ஊரே பார்க்க ஆடப்போகிற பெண்கள் கூடைப்பந்துக் குழுவில் அவள் ஒருத்திதான் தமிழ்ப் பெண். வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க எம்பியவள் ஒற்றைக் காலில் இறங்கினாள். உடம்பு ஒரு பக்கம் திரும்ப, முழங்கால் இன்னொரு பக்கம் நின்றுவிட்டது.

"கடக்னு ஒரு சத்தம்பா. வெளியே யாருக்கும் கேக்கல. எனக்குள்ள கேட்டுச்சு," என்றாள். சாயங்காலத்துக்குள் முழங்கால் இளநீர்க்காய் மாதிரி வீங்கிவிட்டது.

பதினேழு வயதுப் பெண் குட்டைப் பாவாடையோடு பந்தின் பின்னால் ஓடலாமா என்று அவள் அம்மா ருக்மணி ஆறு மாதமாகப் போட்ட சண்டையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்போதெல்லாம் மகள் பக்கம் நின்றவர் தம்பிராஜாதான். "காலம் மாறுது ருக்மணி, நாடே மாறப்போகுது," என்று அடிக்கடி அடித்துப் பேசியவரும் அவர்தான். இப்போது அந்தப் பேச்செல்லாம் அவருக்கே திரும்ப வந்து குத்தியது.

ஆஸ்பத்திரிக்காரர் வீட்டுப் பிள்ளை வெளிநோயாளி வரிசையில் நிற்பதாவது! முந்தின நாள் சாயங்காலம் நடைபாதையில் டாக்டர் பொன்னுதுரையை மறித்து நின்று, எக்ஸ்ரேச் சீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டார். டாக்டர் முழங்காலைப் பார்க்கவே இல்லை. சீட்டைச் சுவரில் வைத்து, "உம்மட பிள்ளையெண்டா பிறகென்ன," என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். அந்த நல்ல மனசைத்தான் தம்பிராஜா குறுக்கு வழியாக ஆக்கிக்கொண்டார்.

காலையில் படம் எடுத்தது ஷரீஃபுதீன். ஆறு மாதம் முன்புதான் எக்ஸ்ரேப் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர், தம்பிராஜாவுக்கு மேலதிகாரி, வயதில் இளையவர். பெண்பிள்ளைகளைப் படமெடுக்கும்போது அவர் கண் சுவரைத்தான் பார்க்கும். தெரிந்தவர் மகள் என்றால் கேட்கவே வேண்டாம். படத்தகட்டுப் பெட்டி மாற்றுகிற சின்ன ஜன்னல் வழியாக அவர் பேசியது தம்பிராஜாவின் காதில் விழுந்தது.

"முழங்கால் துணிக்கட்டை அவுக்கவா மாமா?" என்று கமலவேணி ஈனக்குரலில் கேட்டாள்.

"வேணாம்மா, இருக்கட்டும். துணி படத்துல விழாது. காலை மட்டும் நீட்டு."

"நீட்ட முடியல. சக்கிட்டா இருக்கு, ரொம்ப வலிக்குது."

"சரி, மடிச்ச மாதிரியே பக்கவாட்டுல ஒண்ணு எடுத்துக்கிறேன். நேர்ப்படம் நாளைக்குப் பாக்கலாம்."

அந்தப் பக்கவாட்டுப் படம்தான் இப்போது தம்பிராஜாவின் கையில் இருந்தது.

இந்த மாதிரி வெள்ளைத் திட்டை அவர் இதற்கு முன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். புக்கிட் ரம்பாய் தோட்டத்து அப்பாசாமியின் மகனுக்கு. அவனும் விளையாடப் போய் விழுந்து, அடிபட்டதென்றுதான் வந்தான். அடி ஒன்றுமில்லை, உள்ளே வேறு ஏதோ வளர்ந்திருக்கிறது என்றார்கள். சிங்கப்பூருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது காற்சட்டையின் ஒரு கால் மடித்துக் குத்தப்பட்டிருந்தது.

தம்பிராஜா படத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்தார். சிவப்பு விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முழு இருட்டில் நின்றார். பார்க்காத வரைக்கும் அது அங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ள முடிந்தது.

வெளியே வந்து படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஷரீஃபுதீன் பார்த்தார். 

"சொல்லுங்க தம்பி," என்றார் தம்பிராஜா.

"நான் என்னத்த சொல்றது அண்ணே. டாக்டர் பாக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "ஒரு பக்கம்தானே எடுத்திருக்கு," என்றார். அந்தக் குரலில் தைரியம் இல்லை.

டாக்டர் பொன்னுதுரை வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மறுபடியும் கழற்றித் துடைத்தார். தம்பிராஜா அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பக்கப் படத்தை வைச்சு நான் ஒண்டும் சொல்லேலாது, தம்பிராஜா. எக்ஸ்ரே எண்டா நிழல்தானே. முன்னுக்கு இருக்கிறதும் பின்னுக்கு இருக்கிறதும் ஒண்டுக்கு மேல ஒண்டு விழும். நேர்ப்படமும் வேணும்."

"அது அப்பாசாமி மகனுக்கு வந்த மாதிரியா டாக்டர்?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு மணிக்கு ஊசி போட்டு, நோவு குறைஞ்ச பிறகு காலை நீட்டி எடுப்பம். அதுவரைக்கும் பிள்ளை வார்டிலே கிடக்கட்டும். கட்டை ஒருத்தரும் அவிழ்க்க வேண்டாம். எலும்பு அந்த இடத்திலே இளகியிருந்தா, அசைச்சாலே முறிஞ்சுபோம்."

முறிஞ்சுபோம் என்ற சொல் தம்பிராஜாவின் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

கமலவேணி பெண்கள் வார்டில், மணல்மூட்டை இரண்டு பக்கமும் வைத்த காலோடு, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"படத்துல என்னப்பா தெரிஞ்சுது? சுளுக்குதானே?"

"டாக்டர் பாத்துட்டுச் சொல்வாரும்மா. நான் வீட்டுக்குப் போயி உனக்கு மாத்துத் துணி எடுத்திட்டு வரேன்."

"அப்பா, நர்ஸ் மிஸ்ஸி யாராச்சும் இந்தக் கட்டை அவுப்பாங்களா?"

அவள் ஏன் அப்படிப் பயந்து கேட்டாள் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. "யாரும் தொட மாட்டாங்க," என்று சொல்லிவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினார்.

வீடு இருந்த காஜா பெராங்குக்குச் சைக்கிளில் இருபது நிமிடம். அன்றைக்கு எவ்வளவு நேரம் ஆனது, எந்தத் தெரு வழியாகப் போனார் என்று பிற்பாடு கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. ஒரு லாரிக்காரன் மலாயில் திட்டினான். கடைகளில் புதுக்கொடித் துணி தொங்கிக்கொண்டிருந்தது. ஒற்றைக்காலில் ஒரு பெண் எப்படிப் படி ஏறுவாள் என்று யோசித்தபடி மிதித்தார். எப்படிக் கல்யாணம், எப்படி ஒரு வாழ்க்கை என்று யோசித்தார். அதற்கும் மேலே யோசனை போனபோது, அப்பாசாமியின் மகன் அதற்குப் பிறகு எத்தனை மாதம் இருந்தான் என்பது ஞாபகம் வந்தது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஓரமாக நின்றார்.

ருக்மணி சமையற்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கணவரின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"எலும்பு உடைஞ்சிடுச்சா?"

"இல்ல."

"பின்ன என்னங்க? ஏன் இப்படி இருக்கீங்க?"

படத்தில் கண்டதை டாக்டர் சொல்லுமுன் வெளியே சொல்லக்கூடாது. அது வேலையின் விதி. பன்னிரண்டு வருடம் யாரிடமும் சொன்னதில்லை. சொந்த மச்சானின் கை முறிந்தபோதுகூட வாயைத் திறக்காமல் இருந்தவர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வெள்ளைத் திட்டைச் சொன்னார், அப்பாசாமியின் மகனைச் சொன்னார், மடித்துக் குத்திய காற்சட்டையையும் சொன்னார்.

ருக்மணி அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. முகத்தில் ரத்தமே இல்லாமல் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தாங்க பண்ணினேன்," என்றாள்.

"என்ன பண்ணினே?"

"நான்தான் அவ காலைக் கெடுத்துட்டேன். அந்த மருந்து எலும்புக்குள்ள போயிடுச்சு."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பக்கத்துக் கம்போங் கிராமத்திலிருந்து சீதா வந்திருக்கிறாள். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டிக் குடும்பத்துப் பெண், தமிழ் பேச வராது, மலாய்தான். வீங்கிய காலைப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டி, தன் மகனுக்கு இதே மாதிரி வந்தபோது ஆற்றோரத்துச் சின்சே இரண்டே நாளில் நடக்க வைத்தார் என்று சொல்லியிருக்கிறாள். இருவருமாகக் கமலவேணியை ஒரு திரிஷாவில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தச் சீன வைத்தியர் முழங்காலின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒரு பற்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டே வாரத்தில் பந்து விளையாடலாம் என்று சத்தியம்கூடப் பண்ணினாராம்.

"நீங்க எக்ஸ்ரே எடுக்கணும்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. சின்சேகிட்டப் போனா கொன்னுடுவேன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. விடியறதுக்கு முன்னாடி எழுந்து பிச்சு எடுத்தேன். பிசினு பிசினா ஒட்டிக்கிச்சு, முழுசா வரல. மண்ணெண்ணெய் போட்டும் வரல. மேலே கட்டைச் சுத்தி, யாரையும் அவுக்க விடாதேன்னு அவகிட்டச் சொல்லி அனுப்பினேன்."

தம்பிராஜா எழுந்தார். எழுந்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது.

"பன்னெண்டு வருஷமா ஆஸ்பத்திரியில வேலை பாக்குறவன் பொண்டாட்டி நீ. ஏன் மறைச்சே? மறைச்சு மறைச்சு என்ன கண்டே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலியா?"

"பயந்துட்டேங்க."

"பயந்தா மறைப்பியா? பயந்தாதானே சொல்லணும்?"

அவர் சத்தம் போட்டு அவள் பார்த்ததில்லை. வாய்க்கு வந்தபடி இன்னும் என்னென்னவோ சொன்னார்.  அவள் எழுந்துபோய், அரிசிப்பானைக்குப் பின்னாலிருந்து எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மாற்றிப் போடச் சொல்லிச் சின்சே கொடுத்திருந்த இன்னொரு பற்று.

"இதைக் கொண்டுபோயி டாக்டர்கிட்டக் காட்டுங்க. என்ன விஷம்னு பாத்து மாத்து மருந்து குடுக்கச் சொல்லுங்க. நானும் வரேன்."

துணியில் தடவி நான்காக மடித்த கறுப்புப் பிசின். உள்ளங்கை அகலம்தான். டாக்டரின் மேஜையில் விட்டெறிய வேண்டும் என்ற ஆத்திரத்தோடு அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். ருக்மணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தார். 

பாதி வழியில்தான் சட்டைப்பை ஒரு பக்கமாகத் தொங்குவதைக் கவனித்தார்.

உள்ளங்கை அகலப் பிசினுக்கு அவ்வளவு கனம் இருக்காது. அந்தக் கனத்தை அவர் கை நன்றாக அறியும். ஒவ்வொரு படத்திலும் இடதா வலதா என்று அடையாளம் தெரிய, பெட்டியின் மூலையில் அவர் தினமும் எழுத்து வைக்கிறார். ஈயத்தில் வார்த்த எழுத்து. எக்ஸ்ரே ஈயத்தைத் தாண்டாது. அதனால்தான் அந்த எழுத்து படத்தில் பளிச்சென்று வெள்ளையாக விழுகிறது.

வெள்ளையாக.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. கெட்டியாப் புடிச்சுக்க," என்றார். அதற்குப் பிறகு சைக்கிள் போன வேகத்தை ருக்மணி வாழ்நாளில் மறக்கமாட்டாள்.

ஆனால் ஆசை காட்டி ஏமாற்றுகிற நம்பிக்கையைப்போல் கொடுமையானது வேறில்லை. இது இந்தப் பிசினாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்குள் நூறு தரம் பிழைத்து நூறு தரம் செத்துவிட்டார்.

ஷரீஃபுதீன் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். தம்பிராஜா பொட்டலத்தைப் பிரித்துக் கறுப்புப் பற்றை மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, இதை ஒரு படம் எடுங்க."

"எதை? இந்தக் கோயோ பிளாஸ்திரியையா?"

"ஆமா. ஆளு வேணாம். இதை மட்டும்."

ஷரீஃபுதீன் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மேல்கேள்வி கேட்காமல் பற்றைப் பெட்டிமேல் வைத்து, நோயாளி இல்லாத மேஜைக்கு ஒரு படம் எடுத்தார். அந்த ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு படம் அதற்கு முன்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடத்தில் படம் எழுந்து வந்தது. கறுப்புக்கு நடுவே, உள்ளங்கை அகலத்தில், நல்ல வெள்ளை.

 தம்பிராஜா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். பற்றை முகர்ந்து பார்த்தார். "செந்தூரமாதிரி ஈயப்பொடியைப் போட்டு எண்ணெயிலே காய்ச்சியிருக்கிறாங்கள். சரி. இது பிசினின்ர நிழலாயும் இருக்கலாம். பிசினுக்குக் கீழே வேறொண்டு இருக்கவும் கூடும். கழுவிப்போட்டு ரெண்டு பக்கமும் எடும்." கொஞ்சம் தயங்கி, "நான் நேற்று அந்தக் காலை ஒருக்கா அவிழ்த்துப் பார்த்திருக்க வேணும்," என்றார்.

"நான் வரிசையில நின்னிருந்தா பாத்திருப்பீங்க டாக்டர்," என்றார் தம்பிராஜா. ஷரீஃபுதீன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ருக்மணியின் தலையில் மட்டும் எல்லாப் பழியையும் போட்டுக் கத்தியது தம்பிராஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

கட்டை அவிழ்த்தபோது கமலவேணி கையால் முகத்தை மூடிக்கொண்டாள். முழங்காலின் உட்பக்கம் முழுக்கத் தார் பூசிய மாதிரி கறுப்பு. ருக்மணி தானே பஞ்சை வாங்கி, மிஸ்ஸி கொடுத்த ஈதரில் நனைத்து நனைத்துத் துடைத்தாள். ஊசியின் மயக்கத்தில் இருந்த மகள், "அப்பாவுக்குத் தெரிஞ்சிடுச்சாம்மா?" என்று முணுமுணுத்தாள்.

"தெரிஞ்சிடுச்சு. நீ பேசாம இரு." தோல் சிவந்து, கறுப்பு சுத்தமாகப் போன பிறகும் அவள் துடைத்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸிதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

இரண்டு படம். பக்கவாட்டில் ஒன்று, கால் நீட்டி நேராக ஒன்று.

இருட்டறையில் தம்பிராஜா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம். முன்னாலேயே தூக்கிவிடக் கை துறுதுறுத்தது. தூக்கினால் படம் கெடும். கடவுள் பெயரைச் சொல்ல நினைத்தார், எந்தப் பெயரும் வாயில் வரவில்லை. மகள் பெயர்தான் வந்தது. மருந்துத் தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாக எலும்பின் ஓரம் தெரிந்தது. தொடை எலும்பு இறங்கி வந்தது. மூட்டு வந்தது.

திட்டு இல்லை.

பக்கவாட்டுப் படத்தில் இல்லை. நேர்ப்படத்திலும் இல்லை. எலும்பு வழவழவென்று, எந்தக் களங்கமும் இல்லாமல் இருந்தது. தம்பிராஜா ஐஸ் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, கதவைத் திறக்காமல், ஒரு மனிதன் தனியாக இருக்கும்போது அழுவதுபோல் அழுதார்.

வெளியே வந்ததும் ருக்மணியிடம், "ஒண்ணுமில்ல. கால் போகாது," என்று மட்டும் சொன்னார். அவள் அங்கேயே நடைபாதையில் விழுந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். "நான் கத்தினதை மனசுல வச்சுக்காதே," என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்காது. எழுந்த வேகத்தில் வார்டை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொன்னுதுரை இரண்டு படத்தையும் நெடுநேரம் பார்த்தார். முதலில் அவரும் சிரித்தார். பிறகு பென்சிலின் முனையால் நேர்ப்படத்தில் ஓரிடத்தைத் தொட்டார்.

"இதைக் கண்டனீரோ?"

கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில், வெளி ஓரத்தில், அரிசிக் குருணை அளவுக்கு ஒரு துணுக்கு எலும்பை விட்டுப் பிரிந்து நின்றது. சந்தோஷத்தில் தம்பிராஜா அதைக் கவனிக்கவே இல்லை.

"இந்தத் துணுக்கு ஒட்டிக்காதா டாக்டர்?"

"துணுக்கு பெரிய விஷயமில்லை. அதை இழுத்துப் பிய்ச்சது எதெண்டதுதான் விஷயம். மூட்டுக்குள்ளே எலும்பை எலும்போடு பிடிச்சு வைக்கிற நார் ஒண்டு இருக்கு. அது எக்ஸ்ரேயிலே தெரியாது. ஆனா இந்த இடத்திலே இப்படி ஒரு துணுக்கைக் கண்டா, உள்ளே அது அறுந்துபோச்செண்டு அர்த்தம். பிள்ளை கேட்ட சத்தம் அதுதான்." டாக்டர் விளக்கை அணைத்தார். "மாவுக்கட்டுப் போடுவம். நடப்பாள், வேலை செய்வாள், பிள்ளை குட்டி பெறுவாள். ஓடிப் பாய்ஞ்சு, சட்டெண்டு திரும்பி விளையாடுறது மட்டும் இனி ஏலாது. அந்த முழங்கால் கைவிட்டுப்போம்."

"எப்பவுமேவா?"

"நான் கண்ட மட்டும், ஓம். அவளுக்கு நான் சொல்லட்டோ, நீரே சொல்லுறீரோ?"

"நானே சொல்றேன் டாக்டர்," என்றார் தம்பிராஜா. கால் போகவில்லை. உயிர் போகவில்லை. இதைச் சொல்வதா பெரிய காரியம் என்று அந்த நிமிடம் நினைத்தார்.

வார்டுக்குள் நுழைந்தபோது ருக்மணி மகளுக்கு ஆரஞ்சுச் சுளை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து தன் காலைப் பற்றி என்னவெல்லாம் பயந்தார்கள் என்று கமலவேணிக்கு ஒன்றுமே தெரியாது. அம்மா சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

"அப்பா, சின்சேகிட்டப் போனதுக்குக் கோபமா?"

"இல்லம்மா."

"படம் நல்லா வந்திருக்காமே. அம்மா சொன்னாங்க. அப்போ ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள சரியாயிடுந்தானே?"

தம்பிராஜா கட்டிலின் இரும்பைப் பிடித்தார். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது. நடைபாதை நெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். மகள் ஒரு சுளையை வாயருகே வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். காலையில் படத்தைப் பார்த்தபோது வந்த பயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் இருந்தது. இதில் கத்தி அவர் கையில் இருந்தது.

"ஆயிடும்," என்றார்.

"கேட்டியா?" என்றாள் ருக்மணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்கப்பாவே சொல்லிட்டாரு. படத்தைக் கண்ணால பாத்த மனுஷன்."

கமலவேணி தலையணையில் கையூன்றி எழ முயன்றாள். "அப்போ ஓடிப்போயி வராந்தாவுல பாருங்கப்பா. எங்க கேப்டன் மெய் லான் நிக்கிறா. பாடாங்குல ஆடுறவங்க பேரை அஞ்சு மணிக்குள்ள குடுத்தாகணுமாம். எனக்குப் பதிலா வேற ஆளைப் போடவான்னு கேட்டா. எங்கப்பாவுக்குத்தான் தெரியும், அவரைக் கேட்டுக்கன்னு சொல்லி நிக்க வச்சிருக்கேன்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. தம்பிராஜா வராந்தாவுக்கு வந்தார். சீனப் பெண் ஒருத்தி, பள்ளிச் சீருடையில், தூணோரமாக நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் மரியாதையாகத் தலையசைத்து, மடித்த காகிதத்தைப் பிரித்துத் தூணில் வைத்தாள். ஒன்பது பெயர் எழுதியிருந்தது. பத்தாவது இடம் காலியாக இருந்தது.

"அவ பேரை எழுதட்டுமா அங்கிள்?" என்று மலாயில் கேட்டுவிட்டு, பென்சிலைக் காகிதத்தில் ஊன்றிக்கொண்டு அவள் காத்திருந்தாள்.